உளுந்து டப்பாவில் இருந்த சங்கிலி

எங்கள் வீட்டில் திருட்டுப் பழி என் மேல்தான் விழுந்தது. மாமியாரின் இரட்டை வடச் சங்கிலியைக் காணோம். "மருமகதான் எடுத்துட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சங்கிலி உளுந்து டப்பாவுக்குள் கிடந்தது. பத்திரமாக இருக்கட்டுமென்று அவரே வைத்தது. எடுத்துக் கொடுத்தபோது, "நான் சத்தம் போட்டதும் பயந்துபோய்ப் போட்டுட்டியா?" என்றார்.

சொந்தக்காரர்கள் இதை மாமியார் மருமகள் சண்டையாகவே பார்த்தார்கள். அதற்கு முன்பே அத்தை ரசத்துக்குப் புளி விட மறந்திருந்தார். வெள்ளிதோறும் போகும் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றிருந்தார். எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே பதில்: "வயசானா அப்படித்தான்."

வயதானால் பெயர் சட்டென்று வராது, கண்ணாடியைத் தேடுவோம். சற்றுப் பொறுத்தால் ஞாபகம் வந்துவிடும். அத்தைக்கு வந்திருக்கும் அல்சைமர் என்ற மறதிநோய் அப்படியல்ல. அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் மூளையில் தாறுமாறாகச் சேர, நரம்பணுக்கள் அழிகின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே அடிபடுகிறது. அதனால்தான் கூறைப்புடவையின் கரை என்ன நிறம் என்று அத்தை சொல்வார். காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் விழிப்பார். சங்கிலியை டப்பாவில் வைத்தது பதியவே இல்லை. தான் வைக்கவில்லை, பொருளையும் காணோம் என்றால் கூட இருப்பவள்தானே எடுத்திருக்க வேண்டும்? அவர் கணக்கு அவருக்குச் சரி. பார்த்துக்கொள்பவர் மேலேயே பழி விழுவது இப்படித்தான்.

1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அவரிடம் வந்த பெண்மணிக்கு வயது 51தான். கணவர் மீது காரணமில்லாத சந்தேகம் அவருடைய தொடக்க அறிகுறிகளில் ஒன்று.

2024ஆம் ஆண்டின் உலக அல்சைமர் அறிக்கைப்படி, பொதுமக்களில் 80 சதவீதம் பேர் மறதிநோயை முதுமையின் இயல்பு என்றே நினைக்கிறார்கள். 2019இல் அது 66 சதவீதம். அல்சைமர் விழிப்புணர்வு நாள் கொண்டாடக் கொண்டாட அறியாமை ஏறியிருக்கிறது! மருத்துவத் துறையினரிலேயே 65 சதவீதம் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் பெரும்பங்கு அல்சைமர்.

அல்சைமரைக் குணப்படுத்த மருந்தில்லை. சில அறிகுறிகளைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தலாம். ஆனால் தைராய்டு குறைவு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எது என்று பரிசோதனையில்தான் தெரியும்.

வாதாடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். "வாங்கத்தே, சேர்ந்து தேடுவோம்" என்றால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

உங்கள் வீட்டில் இப்படிப் பழி கிளம்பினால், மருமகளைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடும் முன் மாமியாரை நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567இல் கேளுங்கள்.