மாடி அறைக்கு வெயிலே விசிறட்டும்!

தாம்பரம், சேலையூர் பக்கம் மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை உள்ள வீடுகள் நிறைய. சித்திரை மத்தியானத்தில் அதற்குள் கால் வைக்க முடியாது. கரண்ட்டும் போய்விட்டால் கைக்குழந்தை துவண்டு போகும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாலு நாள் இருட்டுதான். அப்புறம் செய்த ஏற்பாடு இது, சகோதரிகளே.

சூடான காற்று மேலேதான் சேரும். அதனால் கூரையை ஒட்டி 12 வோல்ட் டி.சி. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வையுங்கள். எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். இதற்கு இன்வர்ட்டர் தேவையில்லை.

கணக்கு சுலபம். 20 வாட் ஃபேன் ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் செலவு 160 வாட்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறையும். ஆகவே 12 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் பேட்டரி வேண்டும். 100 வாட் சோலார் பலகை இருந்தால், நல்ல வெயில் நாளில் ஃபேனும் ஓடும், பேட்டரியும் நிரம்பும். நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர் கட்டாயம். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸும் போடச் சொல்லுங்கள்.

சில எச்சரிக்கைகள்:

* சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். காற்றோட்டமான, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி கூடாது.
* தண்ணீர் ஊற்றும் ரகமானால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே.
* தென்னை மட்டையோ, கொடியில் காயும் புடவையோ பலகைமேல் நிழல் போடக்கூடாது.
* புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

நம்மைச் சுடும் வெயிலே நமக்குக் காற்றும் வீசினால் நல்லதுதானே!