கேமரா முக்கியமா, கண் முக்கியமா? தஞ்சை பெரிய கோயிலின் 19 அடி நீளப் புகைப்படம் சொல்லும் பதில்

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒரே விமானத்தை ஒரே நேரத்தில் நூறு பேர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கையில் பத்தாயிரம் ரூபாய் போன். பக்கத்தில் நிற்பவர் கழுத்தில் லட்ச ரூபாய் கேமரா. வீட்டுக்குப் போய் இரண்டையும் வைத்துப் பார்த்தால், சில நேரம் போன் படம்தான் நன்றாக இருக்கும். "அப்போ கேமராவுக்குக் கொடுத்த காசு வேஸ்ட்டா?" என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

இது வெறும் அரட்டைக் கேள்வி இல்லை. டெல்டா மாவட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட முடிவு. தவணையில் புது கேமரா வாங்குவதா, கையில் இருப்பதை வைத்தே கற்றுக்கொள்வதா?

இதற்கான பதிலின் ஒரு பகுதி, அதே பெரிய கோயிலில் 1858-ல் எடுக்கப்பட்ட ஒரு படத்தில் இருக்கிறது.

யார் எடுத்த படம்?

லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் கேப்டன். 1855-ல் பர்மாவுக்குப் போன ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் சென்று அங்கே படம் எடுத்தார். அடுத்த ஆண்டே மதராஸ் மாகாண அரசின் அதிகாரபூர்வ புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று தமிழ்நாட்டின் முக்கிய ஊர்களைப் படம் பிடித்தார். தஞ்சாவூர், திருவையாறு படங்கள் 1858-ல் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன.

அவரிடம் என்ன கருவி இருந்தது?

இன்றைய கணக்கில் பார்த்தால் ரொம்பச் சிரமமான கருவி. பெரிய மரப்பெட்டி கேமரா, முக்காலி, ரசாயனப் புட்டிகள், தாள் கட்டுகள். ஒவ்வொரு நெகட்டிவும் ஒரு அடிக்கு மேல் நீளம்.

அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் எடுக்கும் முறையும் வந்துவிட்டது. அதில் படம் கூர்மையாக விழும். ஆனால் தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அது எவ்வளவு சீக்கிரம் காயும் என்று சொல்லத் தேவையில்லை. ட்ரைப் இந்தக் கோயில் படங்களுக்கு மெழுகு பூசிய காகித நெகட்டிவைத் தேர்ந்தெடுத்தார். அதை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், எடுத்த பிறகும் ஆற அமரக் கழுவலாம். கூர்மை கொஞ்சம் குறையும். ஆனால் நீண்ட பயணத்துக்குத் தாங்கும்.

இன்னொரு குறையும் இருந்தது. அந்தக் கால ரசாயனங்கள் நீல ஒளிக்கு அதிகமாகவும், பச்சைக்கு மிகக் குறைவாகவும் வேலை செய்தன. விளைவு, வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கிட்டத்தட்ட கறுப்பாகவும் விழும். ட்ரைப் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி வானத்தில் மேகங்களைச் சேர்த்தார், இலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். கருவி எங்கே தோற்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

19 அடி படம் எப்படி வந்தது?

பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. தானும் தன் அக்கா குந்தவையும் தேவியரும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜ சோழன். அந்த எழுத்து வரிசை ஒரே படத்தில் அடங்காது. தள்ளிப் போய் எடுத்தால் எழுத்து தெரியாது. கிட்டே போனால் இரண்டு முழம் சுவர்தான் கிடைக்கும்.

ட்ரைப் கேமராவைச் சுவரை ஒட்டியே நகர்த்தினார். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து ஒரே தூரம். இப்படி எடுத்த 21 படங்களை வரிசையாக ஒட்டியபோது, சுமார் 19 அடி நீளமுள்ள ஒற்றைப் படம் உருவானது.

இன்று போனில் 'பனோரமா' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அப்போது பட்டன் கிடையாது. ஒரு கேமராவால் முடியாததை, அதே கேமராவை 21 முறை சரியான இடத்தில் வைத்துச் சாதித்தார் ட்ரைப்.

அப்படியானால் கண்தான் எல்லாமா?

அதுவும் இல்லை. அதே ட்ரைப் படங்களில் மனிதர்களைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ஒளி பதிய அதிக நேரம் பிடித்ததால், நடந்து போகிறவர்கள் படத்தில் விழாமலே போனார்கள். நாற்று நடும் கையையோ, நாதஸ்வரம் வாசிக்கும் விரலையோ அந்தக் கருவியால் பிடித்திருக்க முடியாது, எடுப்பவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் சரி.

இன்னொரு விஷயம். கல்வெட்டைப் படித்துப் பதிப்பிக்கும் வேலைக்குக் கேமராவைவிட எளிய கருவிதான் அதிகம் கைகொடுத்தது. ஈரத்தாளைக் கல்லின் மேல் பதித்து மை ஒற்றி எடுக்கும் 'மைப்படி' முறை அது. பெரிய கோயில் கல்வெட்டுகளை ஜெர்மன் அறிஞர் ஹுல்ட்ஷ் 1890களில் பதிப்பித்து வெளியிடத் தொடங்கினார். வேலை என்ன என்பதைப் பொறுத்தே கருவி.

இன்றைக்கு எங்கே கருவி வேண்டும்?

சில இடங்களில் நல்ல கண் மட்டும் போதாது.

கோடியக்கரை: பூநாரைகள் ஆட்களை அண்ட விடாது. நீண்ட தூர லென்ஸ் இல்லாமல் போனில் ஜூம் செய்தால், வெள்ளைப் புள்ளிகள்தான் கிடைக்கும்.

சோழர் கால ஓவியங்கள்: பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் இவை இருப்பதை 1931-ல் கண்டறிந்தவர் எஸ்.கே.கோவிந்தசாமி. பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத, குறுகலான, இருண்ட பாதை அது. பின்னால் நகர இடமே இல்லை. பிற்காலத்தில் இந்த ஓவியங்களைத் துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் இணைக்க வேண்டியிருந்தது. ட்ரைப் செய்த அதே வேலை, வேறு கருவியில்.

இரவுக் கச்சேரி, கல்யாண மண்டபம்: இங்கே சென்சார் அளவு பேசும். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். போன் சென்சார் அதைவிடப் பல மடங்கு சிறியது. போனின் 'நைட் மோட்' பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது சரி. தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அசைகிறார்கள். முகம் குழம்பிவிடும். அந்த நிமிடம் திரும்ப வராது.

எங்கே கண் மட்டுமே போதும்?

பெரிய கோயிலில் மாலைச் சாய்வெயிலை எடுத்துக்கொள்வோம். கல்வெட்டு எழுத்துகள் ஆழம் குறைந்தவை. நேராக வெளிச்சம் விழும்போது தட்டையாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து வெயில் விழும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். இதற்கு எந்த லென்ஸும் தேவையில்லை. எந்தச் சுவரில் எப்போது வெயில் படும் என்று பார்த்துக் காத்திருந்தால் போதும்.

விமானம் சுமார் 216 அடி உயரம். அடியில் நின்று போனை மேல்நோக்கிச் சாய்த்தால், கோபுரம் பின்னால் விழுவது போல வரும். கோயில் வளாகம் சுமார் 240 மீட்டர் நீளம். பின்னால் நடந்து போய், போனைச் செங்குத்தாகப் பிடித்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

வயலுக்கும் இதே கதைதான். நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயலில் ஒரு கொக்கு நின்றால், போன் மொத்தப் பச்சையையும் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். திரையில் கொக்கைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் இறகு தெரியும்.

வடகிழக்குப் பருவமழையில் சம்பா பயிர் மூழ்கினால், விவசாயி எடுக்கும் படத்துக்கும் இது பொருந்தும். கிட்ட எடுத்த ஒரு படத்தில் சேறுதான் தெரியும். வரப்பு, மோட்டார் கொட்டகை என ஏதாவது ஓர் அடையாளத்தோடு வயல் முழுவதும் ஒரு படம், தண்ணீர் எவ்வளவு உயரம் என்று காட்ட ஒரு படம், பயிரின் நிலை தெரிய ஒரு படம். சேதத்தைப் பார்க்க வருபவருக்கு இந்த மூன்றும் புரிய வைப்பதை, எதை எடுப்பது என்று யோசிக்காத விலையுயர்ந்த கேமரா புரிய வைக்காது.

சரி, காசை எங்கே போடுவது?

முதலில் நேரம். ஒரே இடத்துக்குக் காலை, மதியம், மாலை என மூன்று முறை போவதற்குச் செலவு குறைவு, பாடம் அதிகம். அடுத்து முக்காலி. ஆனால் தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள பெரிய கோயில் போன்ற இடங்களில் அதற்கு முன் அனுமதி வேண்டும். அதற்கடுத்து லென்ஸ். கேமரா உடல் கடைசியில்தான்.

"இந்தப் படத்தை என் கருவியால் எடுக்கவே முடியவில்லை" என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும்போது, புது கருவி வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கல்யாணப் படம் எடுப்பவர் அந்த இடத்துக்குச் சீக்கிரமே வந்துவிடுவார். கோயிலையும் வயலையும் எடுப்பவருக்குப் பல வருடம் ஆகலாம்.

ட்ரைப்புக்கு என்ன ஆனது?

1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், அரசு செலவில் புகைப்படம் எடுப்பது ஆடம்பரம் என்று கருதினார். வேலை நிறுத்தப்பட்டது. ட்ரைப்பின் புகைப்பட வாழ்க்கையும் 1860-ஓடு ஏறக்குறைய முடிந்தது. கண் அப்படியே இருந்தது, கருவிக்கும் காசுக்கும் வழியில்லாமல் போனது. அவரது படங்கள் 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் பெரிய கண்காட்சியாக வைக்கப்பட்டன.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போனால், போனை எடுப்பதற்கு முன் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்தப் பக்கம் வெயில் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் நிற்க வேண்டிய இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.