ஐந்தரை அடிச் சிறகு

1988-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ராபர்ட் ஸ்டார் தாமே கட்டி ஓட்டிய ‘பம்பிள் பீ 2’ விமானத்துக்கு இறக்கை நுனிக்கு நுனி 5 அடி 6 அங்குலம்தான். நடுத்தர உயரமுள்ள ஒருவர் குறுக்கே படுத்தால் அளவு சரியாக இருக்கும். ஆள் ஏறிப் பறந்த மிகச் சிறிய விமானம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆனால் இறக்கையைக் குட்டையாக்கினால் விமானம் சிறியதாகிவிடுமா?

தூக்குவிசை இறக்கைப் பரப்பையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. பரப்பைக் கால்பங்காக்கினால் அதே எடையைத் தாங்க வேகம் இரண்டு மடங்காக வேண்டும். விமானத்தைச் சுருக்கலாம், விமானியைச் சுருக்க முடியாதே! பரப்பு வேண்டும் என்றுதான் ஸ்டார் இரண்டு அடுக்கு இறக்கை வைத்தார். அதிலும் ஒரு விசித்திரம்: வழக்கமாக மேல் இறக்கை முன்தள்ளி நிற்கும், இதில் கீழ் இறக்கை முன்னே, மேல் இறக்கை பின்னே. பரப்பு ஓரளவு கிடைத்தாலும் நீளம் போனது போனதுதான். இறக்கையின் அடியில் அழுந்திய காற்று நுனி வழியாக மேலே சுழன்றேறி விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். குட்டை இறக்கையில் அந்த இழுவை மிகுதி. அதை வெல்லப் பலம் வேண்டும். ஆகவே உள்ளே 85 குதிரைத்திறன் எஞ்சின். 33 அடி இறக்கையுடன் இருவரைச் சுமக்கும் செஸ்னா 140 விமானத்திலும் அதே திறன்தான். பம்பிள் பீயின் வெற்று எடை ஏறத்தாழ 180 கிலோ.

இதன் பக்கத்தில் பிரான்ஸின் மிஷெல் கொலொம்பான் வடிவமைத்து 1973-இல் பறந்த க்ரி-க்ரியை நிறுத்திப் பாருங்கள். இறக்கை சுமார் 16 அடி, எஞ்சின்கள் இரண்டு; வெற்று எடையோ 78 கிலோதான். எது சிறியது? ‘சிறியது என்றால் அளவுதானே, எடை எதற்கு?’ என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான், ஆனால் பறப்பதற்குக் கொடுக்கும் விலையை எடைதான் காட்டுகிறது. இறக்கை நீளத்தை மட்டும் அளவுகோலாக்கும் போட்டி, விமானத்தில் கடைசியாகக் கைவைக்க வேண்டிய உறுப்பில் முதலில் கைவைக்கச் சொல்கிறது.

‘இவ்வளவு குட்டை இறக்கையிலும் பறக்கலாம் என்று காட்டியது அறிவுதானே?’ என்பது அடுத்த கேள்வி. ஆம், எஞ்சின் ஓடும்வரை. அதே 1988-இல் ஏறக்குறைய 400 அடி உயரத்தில் எஞ்சின் நின்றது. நீண்ட இறக்கை என்றால் மிதந்து இறங்க அவகாசம் கிடைத்திருக்கும். பம்பிள் பீ 2 விழுந்து நொறுங்கியது. ஸ்டார் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார்.