பனம்பழக் காலம்: காணி கையில் இல்லாத குடும்பத்திற்கும் ஓர் அறுவடை

சோளகக் காற்று ஓயுமுன்பே பனம்பழம் விழத் தொடங்கிவிடுகிறது. ஆவணி, புரட்டாதி மாதங்களில் உடுவில், சுன்னாகம் பகுதிகளில் விடியற்காலையில் கடகத்துடன் வேலியோரம் பழம் பொறுக்குவது எமது தாய்மாரின் நெடுநாள் வழக்கம். மேற்கு நாடுகளில் இதே மாதங்கள் அப்பிள் பழக்காலம். அங்குள்ள கிராமத்தவர் அப்பிளைக் காயவைத்தும் பாகாக்கியும் குளிர்காலத்திற்குச் சேமிப்பதுபோல, எமது முன்னோர் பனம்பழத்தை மாரிக்காலத்திற்குச் சேமித்தனர்.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, இப்பகுதி முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பல்லாண்டுகள் வாழ்ந்தன. போர் முடிந்த 2009இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எனினும், சொந்த நிலத்தில் இன்னும் கால் வைக்காதோர் எம்மிடையே உள்ளனர். வெங்காயமோ புகையிலையோ செய்வதற்குக் காணியும் கிணறும் வேண்டும். உரத்திற்கும் மருந்திற்கும் கைமுதல் வேண்டும். பனைக்கு நாம் நீர் இறைப்பதில்லை, உரம் இடுவதுமில்லை. ஆகவே கைமுதல் இல்லாத குடும்பமும் தொடங்கக்கூடிய வேலை இது. பழம், கொட்டை, ஓலை ஆகிய மூன்றையும் வீணாக்காது பயன்படுத்தும் முறையை இங்கு விளக்குகிறோம்.

முதலில் பேச வேண்டியது

பனை நிற்பது பிறர் வளவில். பழம் பொறுக்குவதற்கும் பாத்தி போடுவதற்கும் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். ஆவணியில் போடும் பாத்தியைத் தையில்தான் கிண்டலாம். இடையில் காணிக்காரர் அந்த இடத்தைக் கேட்டால், ஐந்து மாத உழைப்பு மண்ணோடு போய்விடும். எனவே எந்த மூலையில் பாத்தி, எந்த மாதம்வரை, கிழங்கில் காணிக்காரருக்கு எத்தனை பங்கு என்பவற்றை ஊரிலே மதிப்புள்ள ஒருவர் முன்னிலையில் பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. இது நம்பிக்கையீனம் அல்ல. பின்னர் மனத்தாங்கல் வராமல் இருப்பதற்கான வழி.

காணிக்காரருக்கும் ஒரு சொல். அறுவடையில் சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலின் கட்டளை. விதவையான ரூத்து தன் மாமியைக் காப்பாற்றியது அப்படிப் பொறுக்கிய கதிர்களால்தான். பொறுக்குவாரின்றி விழுந்து அழுகும் பழத்தை இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் எடுப்பதால் எவருக்கும் நட்டமில்லை.

பழமும் பனாட்டும்

விழுந்த பழத்தை அன்றன்றே எடுக்க வேண்டும். பிந்தினால் வண்டு துளைக்கும். பழத்தைக் கழுவித் தோலுரித்துப் பிசைந்து களியைப் பிழிந்தெடுக்கவும். தும்பு நீங்க வடித்து, சுத்தமான பாயில் மெல்லியதாகப் பரவி வெயிலில் காயவிடவும். ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படை. இப்படிப் பல நாள் ஊற்றிக் காய்ந்ததும் உரித்து மடித்தால் பனாட்டு. மண்ணும் ஈயும் படாதவாறு உயரமான பரணில் காயவிடுவது சிறந்தது. ஈரப்பதன் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

களியில் சற்றுக் கசப்பு இருப்பது இயல்பு. பிளபெலிபெரின் என்ற பொருளே அதற்குக் காரணம். மரத்துக்கு மரம் கசப்பு வேறுபடும். ஆகவே இனிப்பான பழம் தரும் மரங்களை அடையாளம் கண்டு, பனாட்டுக்கும் பணியாரத்துக்கும் அவற்றை ஒதுக்கவும்.

கிழங்குப் பாத்தி

களி எடுத்த கொட்டையை எறியக் கூடாது. ஒரு பழத்தில் மூன்று கொட்டைகள்வரை இருக்கும். முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கியே இறங்குகிறது. அங்கே மாப்பொருள் சேர்ந்து கிழங்காகிறது. எனவே கிழங்கின் நீளத்தைத் தீர்மானிப்பது பாத்தியின் உயரமும் மண்ணின் இளக்கமும்தான். உடுவில் செம்மண் காய்ந்தால் இறுகும் தன்மையுடையது. அதைக் கொத்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, கிடைத்தால் மணலும் கலந்து மேடாக்க வேண்டும். கிழங்கு ஓர் அடிக்கு மேல் இறங்கும். மேடு அதைவிட உயரமாக இருக்கட்டும். கொட்டைகளை முளைக்கும் பக்கம் கீழ்நோக்க நெருக்கமாக அடுக்கி, மண்ணால் மூடிவிடவும்.

எமது மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது. அதற்கு முன் பாத்தி போட்டுவிட்டால் மழையே நீர் ஊற்றும். நீர் தேங்கும் பள்ளத்தில் போட்டால் அழுகும். ஆடு, மாடு மிதிக்காதவாறு சுற்றி அடைக்கவும்.

தை, மாசியில் கிண்டிய கிழங்கைத் தோலுரித்துக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுப் பிழிந்து, கசப்பு நீக்கிய பின்னரே பிட்டுக்கோ கூழுக்கோ எடுக்க வேண்டும். கொட்டையினுள் உள்ள பூரான் பிள்ளைகளுக்கு விருப்பமானது. எஞ்சும் ஊமல் அடுப்புக்கு விறகாகும்.

ஓலையும் கைப்பணியும்

மழைக்கு முன் வேலி அடைக்கவும் கூரை வேயவும் ஓலை வெட்டுவது வழக்கம். மிஞ்சியதை வார்ந்து மாட்டுக்குப் போடலாம். தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கலாம். கைப்பணிக்கு வேண்டியது குருத்தோலை. அதை வெயிலில் வெளிறக் காயவிட்டு, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்ந்து பெட்டி, நீத்துப்பெட்டி, பாய் முதலியன இழைக்கலாம். ஒரே மரத்தின் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினால் மரம் நலியும்.

ஐந்தாறு பெண்கள் ஒன்றாய் இருந்து இழைத்தால் அளவும் தரமும் ஒத்துவரும். கடைக்காரரிடம் விலை பேசவும் பலம் உண்டு. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையிடம் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். முகாமில் பிறந்த பிள்ளைகளையும் அருகில் இருத்திப் பழக்குங்கள். ஊர் திரும்பும்போது இந்தக் கைவேலையும் அவர்களோடு போகும்.

திரும்பும் காணிக்கு விதை

போர்க்காலத்தில் காப்பரண்களுக்காகப் பெருந்தொகைப் பனைகள் தறிக்கப்பட்டன. விடுவிக்கப்பட்ட வளவுகள் பலவற்றில் எல்லைப் பனைகள் இன்றில்லை. பனங்கன்றைப் பிடுங்கி நடுவது கடினம். கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே பாத்திக்குப் போகும் கொட்டைகளில் நல்லவற்றைப் பிரித்து, காணி கிடைத்த குடும்பங்கள் இந்தப் புரட்டாதியிலேயே எல்லையோரம் ஊன்றுங்கள். காணி இன்னும் கிடைக்காதோர் இவ்வாண்டு ஒரு சிறு பாத்தியேனும் போடுங்கள். தையில் உங்கள் அடுப்பில் வேகும் கிழங்கு உங்கள் கையால் விளைந்ததாக இருக்கும்.