பதினேழாம் நாள் கொடுக்க ஒரு கார்டு

நம்ம கிளாஸ்ல ஒருத்தரோட வீட்டில் துக்கம் என்றால் என்ன நடக்கும்? குரூப்பில் செய்தி வந்த ஐந்தாவது நிமிடத்தில் வரிசையாக ‘ஆர்.ஐ.பி.’, கைகூப்பும் எமோஜி. நெருங்கிய நாலு பேர் பஸ் பிடித்துப் போய் மாலை போட்டுவிட்டு வருவார்கள். வீட்டில் பதினாறு நாளும் ஆள் மாற்றி ஆள் துக்கம் விசாரிப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பதினேழாம் நாள் நம்ம ஃப்ரெண்ட் பையோடு ஹாஸ்டலுக்கு வருவான். அவனிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது. ‘சாப்ட்டியா மச்சி?’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். இந்தக் கார்டு அந்த நாளுக்கானது. நேரில் போய் விசாரிப்பதற்கு இது மாற்று கிடையாது. விசாரிப்பவர்கள் நின்றுபோன பிறகும் ‘நாங்க மறக்கல’ என்று சொல்வதுதான் இதன் வேலை.

இதற்காகக் கடைக்குப் போக வேண்டாம். செமஸ்டர் முடிவில் நம் அறையில் கிடக்கும் குப்பையே போதும்.

எதை எடுக்கலாம், எதை விடணும்

டிராயிங் ஷீட்டில் வெட்டிய மிச்சம், ரெக்கார்டுக்கு அட்டை போட்ட பிரவுன் ஷீட் துண்டு, சிம்போசியம் போஸ்டருக்கு வாங்கிய சார்ட்டின் ஓரம், ஒரு பக்கம் மட்டும் பிரின்ட் ஆன ஏ4, டிரேசிங் பேப்பர் எல்லாம் ஆகும். வெள்ளை, சாம்பல், வெளிர் நீலம், பிரவுன் போன்ற அடங்கிய நிறங்களாகப் பொறுக்குங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை மட்டும் வேண்டாம். அட்டை தடிமனாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூலையில் தடவிய மஞ்சளும் தங்க எழுத்தும் துக்க வீட்டில் கண்ணை உறுத்தும். கறுப்பு பார்டர், ‘கண்ணீர் அஞ்சலி’ தலைப்பு, இறந்தவர் படம் ஆகியவையும் வேண்டாம். கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நம் கார்டு அவன் பத்திரமாக வைத்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும்.

மடிப்பு: கொஞ்சம் இன்ஜினியரிங்

டிராயிங் ஷீட் மிச்சத்தில் ஏ5 அளவு, அதாவது 148 × 210 மி.மீ. வெட்டுங்கள். அதைப் பாதியாக மடித்தால் 105 × 148 மி.மீ., ஏ6 கார்டு ரெடி.

வெட்டும் முன் ஒரு சோதனை. மில்லில் காகிதம் ஓடும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிந்துவிடும். அதனால் மரக்கட்டை மாதிரியே காகிதத்துக்கும் திசை உண்டு. துண்டை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் கோட்டுக்கு இணையாகத்தான் நார்கள் ஓடுகின்றன. உங்கள் மடிப்புக் கோடும் அதே திசையில் வருமாறு வெட்டுங்கள். குறுக்கே மடித்தால் தடிமன் காகிதம் மடிப்பில் வெடித்துப் பிசிறு தட்டும்.

மடிக்கும் இடத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்தி ஒரு கோடு இழுத்த பிறகு மடியுங்கள். மடிப்பு நேராக விழும்.

முன்பக்கம்

கத்தரிக்கோலைத் தள்ளி வையுங்கள். மூன்று நிறத் துண்டுகளைக் கையாலேயே நீளநீளமாகக் கிழியுங்கள். கிழிக்க வேண்டிய கோட்டில் ஈரத் தூரிகையால் ஒருமுறை தடவினால் சொன்னபடி கிழியும், ஓரமும் பஞ்சு போல மென்மையாக வரும். வெளிர் நிறத்தை மேலே, அடர் நிறத்தைக் கீழே வைத்து, ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறும்படி ஒட்டினால் தூரத்து மலைகள் மாதிரி தெரியும். மேலே பாதி இடம் வெறுமையாக இருக்கட்டும். எந்த மதத்து வீட்டுக்கும் இது பொருந்தும். மினுமினுப்பு, ஸ்டிக்கர், ரிப்பன் எதுவும் வேண்டாம்.

தண்ணீரான பசையை அள்ளிப் பூசினால் நார்கள் ஊறிக் காகிதம் சுருங்கும். க்ளூ ஸ்டிக் நல்லது, ஃபெவிகால் என்றால் மெல்லிசாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கார்டு அந்தப் பக்கமாக வளையும். உள்ளேயும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். பிறகு மேலும் கீழும் வேஸ்ட் பேப்பர் வைத்து, இருப்பதிலேயே கனமான டெக்ஸ்ட் புக்கை ராத்திரி முழுக்க மேலே வையுங்கள்.

எழுத வேண்டியது

அந்த வெள்ளைத் தாளில் எழுதி முடித்த பிறகே உள்ளே ஒட்டுங்கள். பிழை வந்தால் தாளை மட்டும் மாற்றினால் போதும்.

உண்மையில் கஷ்டமான வேலை இதுதான். ‘காலம் எல்லாத்தையும் மாத்தும்’, ‘எல்லாம் நன்மைக்கே’ வேண்டாம். முக்கியமாக, ‘இனிமே நீதான் வீட்டைப் பாத்துக்கணும்’ வேண்டவே வேண்டாம். பதினாறு நாளில் அதை அவன் எத்தனை பேரிடம் கேட்டிருப்பானோ! பத்தொன்பது வயதுப் பையன் தோளில் நாமும் ஒரு மூட்டை ஏற்ற வேண்டாமே.

இரண்டு விஷயம் போதும். ஒன்று, இறந்தவரைப் பற்றி நீங்கள் நேரில் கண்ட ஒரு சின்ன நினைவு. இரண்டு, நீங்கள் நிச்சயமாகச் செய்யப்போகும் ஒரு உதவி. உதாரணத்துக்கு:

“மச்சி, ஃபர்ஸ்ட் இயர்ல அப்பா உன்னை விட வந்தப்போ, ரூம்ல இருந்த எங்க எல்லார் ஃபேனும் ஓடுதான்னு சுவிட்ச் போட்டுப் பாத்துட்டுத்தான் போனார். அதை நாங்க இன்னும் பேசிக்கிறோம். நீ இல்லாத நாள் நோட்ஸ் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து உன் டேபிள்ல வச்சிருக்கோம். மெதுவா பாரு.”

அவரை நேரில் பார்த்ததே இல்லையா? நண்பன் அவரைப் பற்றிச் சொன்ன ஏதாவது ஒன்றை எழுதுங்கள். அதுவும் நினைவில் இல்லையென்றால் ‘என்ன சொல்றதுன்னு தெரியல, கூட இருக்கேன்’ என்ற வரி பொய்யில்லாத வரி.

அறுபது பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டால் அட்டெண்டன்ஸ் ஷீட் ஆகிவிடும். அதற்குப் பதிலாக உள்ளே ஒரு ஓரத்தில் டிரேசிங் பேப்பரால் சின்னப் பை ஒட்டுங்கள். விரல் நீளக் காகிதத் துண்டுகளில், சொல்ல ஏதாவது இருப்பவர்கள் மட்டும் ஆளுக்கொரு வரி எழுதி அதில் போடட்டும். அவனுக்குத் தோன்றும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பான்.

கொடுப்பது

கிளாஸ் நடுவில் கூட்டமாக நின்று கொடுக்காதீர்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைக்காதீர்கள். தனியாக இருக்கும்போது கையில் கொடுத்து, ‘அப்புறமா படி’ என்று மட்டும் சொல்லுங்கள். அவன் உடனே பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்தால் விட்டுவிடுங்கள். பிரித்துப் படித்து அழுதால் கூட உட்கார்ந்திருங்கள். மெஸ் மூடுவதற்குள் அவனையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போங்கள்.