சாம்பலும் பழுப்பும்: கியூபிச ஓவியத்தில் அமர்ந்த பெண்

பாப்லோ பிக்காசோ 1911–12 குளிர்காலத்தில் பாரிசில் தீட்டிய ‘மா ஜோலி’ ஒரு மீட்டர் உயரமுள்ள தைலவண்ண ஓவியம். இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நரம்பிசைக் கருவியோடு அமர்ந்திருக்கும் பெண் அதன் பொருள். ஆனால் முதல் பார்வைக்கு அவள் அகப்படுவதில்லை. பழுப்பும் சாம்பலுமாகச் சிறு தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பதே தெரியும்.

இத்தகைய ஓவியத்தில் முகத்தைத் தேடித் தொடங்கினால் வழி தவறும். முதலில் மொத்த வடிவம். ஓரங்களில் தளங்கள் அருகிக் கரைகின்றன. நடுவில் நெருங்கி அடர்கின்றன. அந்த அடர்த்திதான் உடல். அதன் பிறகு அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும்: கீழ்ப்பகுதியின் நடுவே தந்திகள் கட்டிய முக்கோணம், அதற்கடியில் நான்கு விரல்கள், வலப்புறம் மடங்கிய முழங்கை, மேலே புன்னகையென எண்ணத்தக்க ஒரு வளைவு. அடியில் ‘மா ஜோலி’ என்ற எழுத்துகளும் ஓர் இசைக்குறியும் உள்ளன. அக்காலப் பாடலொன்றின் பல்லவியில் வரும் அச்சொற்களுக்கு ‘என் அழகி’ என்று பொருள். பிக்காசோ தம் காதலி மார்செல் உம்பேரை அழைத்த செல்லப்பெயரும் அதுவே.

நிறம் ஏன் விலக்கப்பட்டது? வழக்கமான உருவப்படத்தில் உடையின் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே சுவர் தொடங்குகிறது. பிக்காசோவும், கியூபிசம் எனப்படும் இந்த முறையை அவரோடு சேர்ந்து உருவாக்கிய ஜார்ஜ் பிராக்கும் அந்த எல்லையைத் திறந்துவிட விரும்பினர். ஒரு தளத்தின் ஒரு விளிம்பை மூடாமல் விட்டு, அதன் சாயலை அடுத்த தளத்துக்குள் ஓடவிட்டனர். தோள் எது, பின்னணி எது என்பது இதனால் உறுதிப்படுவதில்லை. அழுத்தமான நிறம் அந்த வாசலை அடைத்துவிடும். ஒளியும் ஒரே திசையிலிருந்து விழுவதில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனி வெளிச்சம், தனி நிழல்.

சிதைந்த மனத்தின் படம் என்று இவ்வகை ஓவியங்களை விளக்குவோர் உண்டு. காதலியின் செல்லப்பெயரைத் தாங்கிய ‘மா ஜோலி’க்கு அது சற்றும் பொருந்தாது. இங்கே பிரிக்கப்பட்டிருப்பது பெண்ணல்ல, பார்வை.

இந்தியாவில் கியூபிசத்தை முதலில் கையாண்டவர்களுள் ககனேந்திரநாத் தாகூர் முக்கியமானவர். 1922இல் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியங்களோடு இந்திய ஓவியர்களின் படைப்புகளும் வைக்கப்பட்ட கண்காட்சியில் அவருடையவையும் இடம்பெற்றன. உடலைப் பகுப்பதைவிடக் கட்டடங்களுக்குள் ஒளி உடைவதே அவரை ஈர்த்தது. மும்பையின் ஜஹாங்கீர் சபாவாலா, பாரிசில் ஆந்த்ரே லோட்டிடம் பயின்று, தளங்களை வைத்துக்கொண்டு மென்னிறங்களைத் திரும்ப அழைத்தார். கியூபிசத்தில் சேராதவரான அக்பர் பதம்சீயோ 1959–60இல் நிறங்களைத் துறந்து, நகரங்களையும் நிலக்காட்சிகளையும் பெண்ணுடலையும் சாம்பல் சாயல்களிலேயே தீட்டினார்.