முதியோரும் பல் மருத்துவ மாணவரும்

ஐதராபாத்தைச் சார்ந்த போலாரம் பழைமையான படைமுகாம் ஊராகும். அதன் அண்மையில் சைனிக்புரி போன்று, ஓய்வுபெற்ற படைவீரர்கள் வாழும் குடியிருப்புகள் உள்ளன. அதே வட்டாரத்திலுள்ள ஜவஹர் நகரில் 2001-ஆம் ஆண்டில் இராணுவப் பல் மருத்துவக் கல்லூரி நிறுவப்பெற்றது. இளம் மாணவரும் முதிய நோயாளியும் சந்திக்கும் இத்தகைய இடங்களில், மாணவரின் கைத்திறனைப் போலவே அவரது மனப்பான்மையும் சிகிச்சையை நிர்ணயிக்கிறது.

மனப்பான்மையை அளக்க இயலுமா? இயலும். முதியோரைப் பற்றிய 34 கூற்றுகளைக் கொண்ட அளவுகோல் ஒன்றை 1961-இல் நேதன் கோகன் அமைத்தார். ஒவ்வொரு கூற்றையும் ஒருவர் எவ்வளவு ஏற்கிறார் அல்லது மறுக்கிறார் என்பதைக் கொண்டு அவரது கருத்து கணிக்கப்படுகிறது. வயதைக் காரணமாகக் கொண்டு ஒருவரைத் தாழ்வாக மதிக்கும் போக்கிற்கு 1969-இல் இராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் தனிப்பெயர் சூட்டினார்.

"வயதானால் பல் விழத்தான் செய்யும்" என்பது இப்போக்கின் ஓர் எடுத்துக்காட்டு. உண்மையில் பல் இழப்புக்குப் பெருங்காரணங்கள் சொத்தையும் ஈறு நோயுமே. இவை பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. இரத்த அழுத்தம், மனச்சோர்வு முதலியவற்றுக்கு உண்ணும் சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கின்றன. வாய் உலர்ந்தால் பல்லின் வேரில் சொத்தை விரைவில் பற்றும். நீரிழிவு ஈறு நோயை மிகுவிக்கும். இவற்றை ஆராயாமல் முதுமையின்மேல் பழியிடும் மாணவர், காக்கத்தக்க பல்லையும் பிடுங்கிவிடக்கூடும். பல் இழந்தவர் கடினமான காய்கனிகளையும் பயறுகளையும் தவிர்ப்பதால் அவரது உணவூட்டமும் குறைகிறது. இந்தியாவில் 60 வயதை எய்தியவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். அத்தனை ஆண்டுகள் மெல்லுவதற்குரிய பற்களைக் காப்பது வீண்வேலையன்று.

இம்மனப்பான்மை மாறக்கூடியதே. கல்வியும், தலைமுறைகளிடையே நெருங்கிய பழக்கமும் இதற்கு உதவுமென 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே, மாணவர் முதியோரை அவர்களுடைய இல்லங்களிலும் கண்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் பணிபுரிதல் நலம். நோயாளியின் மகனிடம் மட்டும் பேசாது, முதியவரையே வினவி, அவர் உண்ணும் மருந்துகளைக் கேட்டறியும் பழக்கமும் வேண்டும்.

களப்பணியாளர்கள் முதியோரைக் காணும்போது வாய் உலர்வு, ஈற்றில் இரத்தக் கசிவு, பொருந்தாத பல்செட் ஆகியவற்றைப் பற்றி வினவலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எவ்வயதினர்க்காயினும் உடனே மருத்துவரிடம் காட்டப்படவேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். பல்லிழப்பு முதுமையின் விதியன்று என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைப்பார்களாயின், நாளைய மருத்துவர் தெளிந்த நோக்குடன் கல்லூரிக்குள் நுழைவார்.